சைலன்சர்: துப்பாக்கிச் சத்தமும் மரக்காணம் உப்பளமும்

போன எபிசோடுக்கு வந்த மெயில்கள்ல ஒண்ணு ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. எழுதினவர் திண்டிவனம் பக்கத்துக்காரர், இப்போ நார்வேல வேலை. அங்க ஆபீஸ் நண்பர்களோட சேர்ந்து வேட்டைக்காரர்களுக்கான பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, முறைப்படி ஒரு ரைஃபிளும் வாங்கியாச்சு. "அண்ணா, சுட்டா காது வலிக்குது, தோள்ல உதைக்குது. முதல் சைலன்சர் எப்படிப் பார்த்து வாங்கறது?" இது அவரோட கேள்வி. கீழே இன்னொரு வரி: "நம்ம ஊர்ல இதைக் கேட்டாலே உள்ள தூக்கி வெச்சிடுவாங்கல்ல?"

முதல் கேள்விக்குப் பதில் பத்து நிமிஷத்துல சொல்லிடலாம். சொல்றேன். ஆனா ரெண்டாவது வரியைப் பிடிச்சுக்கிட்டு போனப்பதான் 1801, 1878, 1930, 1959னு வரிசையா கதவு திறந்துச்சு. அதுவும் அந்த வரிசை, என் அம்மா ஊரான மரக்காணத்து உப்பளத்துல வந்து நிற்கும்னு நான் நினைக்கலை.

முதல்ல வார்த்தை. நம்ம ஊர்ல சைலன்சர்னா பைக். ஞாயித்துக்கிழமை காலையில ஈ.சி.ஆர்ல மரக்காணம் தாண்டி நின்னீங்கன்னா, சென்னையிலேர்ந்து பாண்டிச்சேரிக்குப் போற புல்லட்டுகளோட ஊர்வலத்தைக் கேட்கலாம். பாதிப் பேர் கம்பெனி சைலன்சரைக் கழட்டிட்டு வேற மாட்டியிருப்பாங்க. உப்பளம் முழுக்கத் தட்டையான நிலம், மரம் கிடையாது, சுவர் கிடையாது. சத்தம் தடுக்க ஆளில்லாம ஓடும். பாத்தியில நிக்கிற கொக்கு, நாரை எல்லாம் ஒருதரம் எழும்பிட்டு மறுபடி இறங்கும்.

அந்த வண்டியோட பேரே துப்பாக்கியிலேர்ந்து வந்ததுதான். இங்கிலாந்துல என்ஃபீல்டுங்கிற ஊர்ல அரசாங்கத்தோட துப்பாக்கித் தொழிற்சாலை இருந்துச்சு. அதுக்கு உதிரிபாகம் செஞ்சு கொடுத்த கம்பெனி அந்தப் பேரை எடுத்துக்கிட்டு, 1893ல ராயலையும் சேர்த்துக்கிட்டது. பழைய முத்திரையில பீரங்கி இருக்கும். 1955ல அந்த வண்டி திருவொற்றியூருக்கு வந்துச்சு. இப்போ சட்டத்தைப் பாருங்க. மத்திய மோட்டார் வாகன விதி 120ன்படி வண்டியில சைலன்சர் இல்லாம ஓட்டினா குத்தம். ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியில சைலன்சர் இருந்தா குத்தம். ஒரே பொருள், ஒரே வேலை. வண்டியில அரசாங்கத்துக்கு அமைதி வேணும். துப்பாக்கியில சத்தம் வேணும். ஏன்?

அதுக்கு முன்னாடி, இந்தப் பொருளைக் கண்டுபிடிச்ச குடும்பம்.

ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் அமெரிக்காவுல பிறந்து லண்டன்ல குடியேறினவர். 1884ல அவர் செஞ்ச மெஷின் கன்தான் தானாகவே குண்டு நிரப்பிச் சுடற முதல் உருப்படியான மெஷின் கன். தோள்ல உதைக்கிற அந்தப் பின்விசை இருக்கு இல்லையா, ரீகாயில், அதையே எடுத்து அடுத்த தோட்டாவை நிரப்ப வெச்சார். இன்ஜினியரா பார்த்தா அழகான யோசனை. மனுஷனா பார்த்தா அப்படிச் சொல்ல முடியாது. ஐரோப்பியப் படைகள் ஆப்பிரிக்காவுல ஈட்டி வெச்சிருந்தவங்க மேல இதைத்தான் திருப்பினாங்க. தான் செஞ்ச துப்பாக்கியைத் தானே சோதிச்சுச் சோதிச்சு, கடைசிக் காலத்துல அப்பாவுக்குக் காது கேட்காமப் போச்சு.

மகன் ஹிராம் பெர்சி மாக்சிம். 1909ல துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். குளியல் தொட்டியில தண்ணி சுழன்று இறங்கறதைப் பார்த்து யோசனை வந்துச்சுன்னு ஒரு கதை உண்டு. குழல் முனையிலேர்ந்து வர்ற வாயுவை ஒரு டப்பாவுக்குள்ள சுழல விட்டு, மெதுவாக்கி, ஆற வெச்சு வெளியே விடறதுதான் அந்த வடிவமைப்பு. மோட்டார் வண்டிக்கும் அவர் சைலன்சர் செஞ்சார். அதனால பைக் சைலன்சரும் துப்பாக்கி சைலன்சரும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பின்னு தாராளமாச் சொல்லலாம். 1914ல அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கத்தைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தரும் இதே பெர்சிதான். அப்பா சத்தத்தைப் பெருக்கினார், மகன் சத்தத்தைக் குறைச்சார், அப்புறம் காத்துல வர்ற மெல்லிய சத்தத்தைப் பிடிக்கப் போயிட்டார். சினிமாவுக்கு எழுதினாக்கூட இது கொஞ்சம் ஓவர்னு சொல்வாங்க.

அந்தக் காலத்துல அதை யாரும் கொலைகாரன் சாமானா பார்க்கலை. காது காப்பாத்த, தோள் காப்பாத்த, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வராம இருக்கன்னுதான் விற்பனை. அதிபரா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்கிட்டகூட சைலன்சர் மாட்டின ஒரு வின்செஸ்டர் இருந்துச்சு. 1934ல அமெரிக்கா தேசியத் துப்பாக்கிச் சட்டம் கொண்டு வந்து மெஷின் கன்னோட சேர்த்து சைலன்சர் மேலயும் 200 டாலர் வரி போட்டது. சாமானோட விலையே சில டாலர்தான், அதுக்கு 200 டாலர் வரி. கடை சாத்தின மாதிரிதான். சைலன்சரை ஏன் அந்தப் பட்டியல்ல சேர்த்தாங்கன்னு அன்னைக்கு நடந்த விவாதத்துல தேடினா பெரிசா ஒண்ணும் கிடைக்காது. அந்த 200 டாலர் 90 வருஷம் அப்படியே இருந்து, 2026 ஜனவரி 1லேர்ந்துதான் பூஜ்யம் ஆச்சு. பதிவு பண்றது மட்டும் இன்னும் இருக்கு.

சரி, இது என்னதான் பண்ணுது? நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதற ஜாதி. ரொம்ப நாள் கழிச்சு இதுக்காகப் பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஒரு ரைஃபிள் சுடும்போது முக்கியமா மூணு சத்தம் வரும். ஒண்ணு, குண்டுக்குப் பின்னாடி அடைபட்டு வர்ற சூடான வாயு குழல் முனையில திடீர்னு விடுபடற சத்தம். பிரஷர் குக்கர் விசிலைத் தூக்கினா வர்ற 'உஸ்'ஸை ஆயிரம் மடங்கு பெரிசாக்கி நினைச்சுக்கங்க. ரெண்டு, குண்டு ஒலியை விட வேகமாப் போறதால வர்ற 'டப்' வெடிப்பு. காத்துல ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும், ரைஃபிள் குண்டு 800 மீட்டருக்கு மேல. மூணு, துப்பாக்கியோட உலோக பாகங்கள் அடிச்சுக்கிற சத்தம். சைலன்சர் கை வைக்கிறது முதல் சத்தத்துல மட்டும்தான். ரெண்டாவதை அதால ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா அது குழலை விட்டு வெளியே போன பிறகு, குண்டு போற வழி முழுக்க உண்டாகிற சத்தம்.

அதனால சினிமாவுல வர்ற 'ஃபுஸ்' பொய். சாதாரண ரைஃபிள் சத்தம் சுடறவர் காதுகிட்ட 160 டெசிபலைத் தாண்டும். திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபல்தான் காதோட எல்லைன்னு வழக்கமா வெச்சிருக்காங்க. நல்ல சைலன்சர் 20லேர்ந்து 35 டெசிபல் வரைக்கும் குறைக்கும். கேட்க சின்ன நம்பரா இருக்கும். ஆனா டெசிபல் மடக்கைக் கணக்கு. 20 குறைஞ்சா ஒலி அழுத்தம் பத்துல ஒரு பங்கு, 30 குறைஞ்சா முப்பதுல ஒரு பங்கு. அப்பவும் மிச்சம் இருக்கறது, பக்கத்துல யாராவது பட்டாசு போட்டா திரும்பிப் பார்ப்போமே, அந்த அளவுக்கு இருக்கும். மரக்காணம் உப்பளத்துல ஒருத்தர் சைலன்சர் போட்ட ரைஃபிளால சுட்டார்னு வெச்சுக்கங்க. ரொம்ப தூரத்துல பலகையால உப்பு வாரிக்கிட்டு இருக்கற அக்காவுக்கு அந்த 'டப்' கேட்கும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்றதுதான் கஷ்டம். இந்த வித்தியாசத்தை ஞாபகத்துல வெச்சுக்கங்க, கடைசியில வேணும்.

அடுத்தது உதை. 9.5 கிராம் குண்டு நொடிக்கு 840 மீட்டர்ல போகுதுன்னா அதோட உந்தம் சுமார் 8. கூடவே 3 கிராம் வெடிமருந்து வாயுவா மாறி, நொடிக்கு 1,300 மீட்டர் வாக்குல வெளியேறுது, அது சுமார் 4. மொத்தம் 12. நியூட்டன் மூணாம் விதிப்படி அந்தப் 12 உங்க தோளுக்குத் திரும்பி வருது. அதுல மூணுல ஒரு பங்கு குண்டால இல்லை, பின்னாடி பீச்சற வாயுவால வருது. ராக்கெட் மாதிரி. சைலன்சர் அந்த வாயுவை மெதுவாக்கும், குழல் முனையில எடையும் கூட்டும். அதான் உதை குறையுது. மசில் பிரேக்னு இன்னொரு சாமான் இருக்கு. அது வாயுவைப் பக்கவாட்டுல திருப்பி விட்டு உதையை இதைவிட நல்லாவே குறைக்கும். ஆனா சத்தம் அப்படியே சுடறவர் காதுக்கும் பக்கத்துல நிக்கிறவர் காதுக்கும் வரும். தோளைக் காப்பாத்திக் காதை விக்கிற வேலை.

இப்போ நார்வே தம்பிக்கு. அங்க வேட்டைக்காரர்கள் மத்தியில சைலன்சர் சாதாரணம். வெச்சிருக்கறதுதான் மரியாதைன்னு பார்க்கிற இடம். என் அபிப்பிராயம் இது: முதல்ல கம்பெனி பேரைப் பார்க்காதீங்க, உங்க துப்பாக்கியைப் பாருங்க. பிற்பாடு இன்னும் பெரிய குண்டு சுடற ரைஃபிள் வாங்கற எண்ணம் இருந்தா அந்த அளவுக்குப் பொருந்தறதை இப்பவே வாங்கிடுங்க. பெரிய துளையில சின்னக் குண்டு போகும், சத்தம் கொஞ்சம்தான் கூடும். சின்னத் துளையில பெரிய குண்டு போகாது, விபத்துதான். குழல் முனையில மரை நேரா வெட்டியிருக்கான்னு துப்பாக்கி மெக்கானிக் கிட்ட காட்டுங்க. ஒரு மயிரிழை கோணினாலும் குண்டு உள்ளே இருக்கற தடுப்புல உரசும். இதுல மட்டும் காசு பார்க்காதீங்க.

எடை ரெண்டாவது. கடையில கையில வாங்கிப் பார்த்தா 400 கிராம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அதையே குழல் முனையில மாட்டி நாள் முழுக்கக் காட்டுல தூக்கிக்கிட்டு நடந்தா தெரியும். குழல் மேலேயே பாதி பின்னாடி வந்து உட்கார்ற மாதிரியான வகை அந்தப் பக்கத்து நாடுகள்ல பிரபலம், நீளம் அவ்வளவா கூடாது. வேட்டைக்கு நாளைக்கு ரெண்டு மூணு தோட்டாதான் செலவாகும்னா அலுமினியம் போதும். ரேஞ்சுல மணிக்கணக்காச் சுடறவங்களுக்குத்தான் ஸ்டீல். டைட்டானியம் எடையும் குறைவு, பர்ஸும் குறையும். தானியங்கித் துப்பாக்கியா இருந்தா வாயு திரும்பி முகத்துல அடிக்கிற பிரச்சினை உண்டு. கையால போல்ட் இழுக்கற ரைஃபிள்ல அது கிடையாது. மாட்டின பிறகு குண்டு விழற இடம் மாறும், மறுபடி குறி சரிபார்க்கணும். காதுக்கு அடைப்பானை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. சைலன்சரும் வேணும், அதுவும் வேணும்.

டொராண்டோ, சிட்னியில கேட்கிற நம்ம ஆளுங்களுக்கு இது பொருந்தாது. கனடாவுல இது தடை செய்யப்பட்ட சாமான், ஆஸ்திரேலியாவுலயும் பெரும்பாலும் அப்படித்தான். இந்தியாவுல கேட்கிறவங்க தயவுசெஞ்சு எந்த வெப்சைட்டையும் பார்த்து ஆர்டர் போட்டுடாதீங்க. ஏன்னு இப்போ வர்றேன்.

1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்துல 'துப்பாக்கி'ங்கிற வார்த்தைக்கு வரையறை கொடுக்கிற பிரிவு ஒண்ணு இருக்கு. பீரங்கி, கையெறி குண்டு எல்லாம் சொல்லிட்டு, சுடும்போது வர்ற சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கறதுக்குன்னு செஞ்ச துணைப்பொருளும் துப்பாக்கியேன்னு சொல்லுது. அதாவது, உங்க வீட்டுல துப்பாக்கியே இல்லை, வெறும் அந்த டப்பா மட்டும் இருக்கு. சட்டத்தோட கண்ணுல நீங்க துப்பாக்கி வெச்சிருக்கீங்க. 1962 விதிகள்ல அதைத் தூக்கி முதல் வகையில, ராணுவ ஆயுதங்களோட அட்டவணையில வெச்சாங்க. பிரிட்டனோட சட்டத்துலயும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான். நாம எழுதினதில்லை, எடுத்துக்கிட்டது.

எடுத்துக்கிட்டது இது ஒண்ணு மட்டும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சி விழுந்து, மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட பிறகு, 1801 டிசம்பர்ல சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு அறிக்கை விட்டார். தெற்குப் பாளையங்கள்ல ஆயுதங்களை ஒப்படைக்கணும். கம்பெனி அதுக்கு நாலு வருஷம் கழிச்சு, 1805ல, சென்னை மாகாணத்துல உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கிச்சு. 1857 கலகம் முடிஞ்சதும் நாடு முழுக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாடு. 1878ல வைஸ்ராய் லிட்டன் காலத்துல ஆயுதச் சட்டம் வந்துச்சு. இந்தியனுக்கு லைசன்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். நாலு வருஷத்துல 1882 உப்புச் சட்டம்.

இந்த ரெண்டு சட்டமும் ஜோடியாவே வர்றதை நான் முதல்ல தற்செயல்னு நினைச்சேன். அப்புறம்தான் 1930 ஜனவரியில காந்தி வெளியிட்ட பதினோரு கோரிக்கைகளை முழுசாப் படிச்சேன். பள்ளிக்கூடத்துல நாம படிச்சது உப்பு வரி ஒண்ணுதான். அது பட்டியல்ல நாலாவது. மதுவிலக்கு, நிலவரி, ராணுவச் செலவு, கடலோரக் கப்பல் போக்குவரத்து எல்லாம் வரும். கடைசி, பதினொண்ணாவது என்ன தெரியுமா? தற்காப்புக்குத் துப்பாக்கி வெச்சுக்க, மக்கள் கட்டுப்பாட்டுல லைசன்ஸ் கொடுக்கணும். அஹிம்சையோட அடையாளமா நாம நோட்டுல அச்சடிச்சு வெச்சிருக்கிற மனுஷர் எழுதினது. உப்பையும் துப்பாக்கியையும் அவர் ஒரே தாள்ல வெச்சதுல ஒரு கணக்கு இருக்கு. உன் ஊர் கடல்தண்ணியைக் காய வெச்சு எடுக்க உன்னை நம்ப மாட்டேன், உன் வீட்டைக் காப்பாத்திக்கவும் உன்னை நம்ப மாட்டேன். ரெண்டும் ஒரே அவநம்பிக்கை.

நாலாவது கோரிக்கைக்காக தண்டிக்கு நடந்தாங்க, ராஜாஜி திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். பதினொண்ணாவதுக்காக யாரும் நடக்கலை. சுதந்திரம் வந்துச்சு, உப்பு வரி போச்சு. துப்பாக்கிச் சட்டம் 1959 வரைக்கும் வெள்ளைக்காரன் போட்டதுதான், புதுசா வந்ததுலயும் அடிப்படை மாறலை. நம்பிக்கையானவங்கன்னு அரசாங்கம் நினைச்ச சிலருக்கு மட்டும் விலக்கு. குடகு மக்களைப் பாருங்க. அவங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சுக்க விலக்கு உண்டு. 2019ல அதை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிச்சாங்க.

நம்ம பக்கம் நரிக்குறவர்கள் இருந்தாங்க. துப்பாக்கியே அவங்க தொழில்கருவி. வாய்வழியா மருந்து கிடிச்சுச் சுடற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. காடை, கௌதாரி, கொக்குன்னு பிடிச்சு வித்துப் பிழைச்சவங்க. கன்னத்துக்குப் பக்கத்துல வெடிக்கிற மருந்தை வருஷக்கணக்கா கேட்ட காதுகளுக்கு என்ன ஆகியிருக்கும்னு மேல போட்ட கணக்கை வெச்சு நீங்களே பார்த்துக்கலாம். சைலன்சர் யாருக்காவது மருத்துவக் காரணத்தோட தேவைப்பட்டிருந்தா அவங்களுக்குத்தான். ஆனா அவங்க வைஸ்ராயோட விருந்தாளிகள் இல்லை. 1938 நவம்பர்ல பரத்பூர் ஏரியில வைஸ்ராய் லின்லித்கோ கூட்டம் ஒரே நாள்ல 4,273 பறவைகளைச் சுட்டது. அதுக்கு அங்க கல்வெட்டே இருக்கு. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப வைஸ்ராய் ஊருக்குப் போயிருந்தார். பொழப்பு போனது இவங்களுக்கு. பழங்குடிப் பட்டியல்ல இவங்களைச் சேர்க்கப் பாராளுமன்றம் சட்டம் நிறைவேத்தினது 2022 டிசம்பர்ல.

சைலன்சரே இந்தியாவுல கிடையாதான்னா, உண்டு. கான்பூர்ல இருக்கிற சிறு ஆயுதத் தொழிற்சாலை பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கோட சைலன்சர் வகையை '2ஏ1'ங்கிற பேர்ல படைகளுக்குச் செஞ்சிருக்கு. ஆக, சத்தமில்லாம சுடற உரிமை ஒரே ஒருத்தருக்குத்தான், அரசாங்கத்துக்கு.

இவ்வளவு சொன்ன பிறகு, தடையை எடுக்கச் சொல்வேன்னு எதிர்பார்ப்பீங்க. எனக்கும் பாதி வழி வரைக்கும் அந்த எண்ணம்தான் இருந்துச்சு. என்னைத் திருப்பினது மரக்காணத்துக்கு ரொம்ப தூரம் இல்லாத வேடந்தாங்கல்.

1790கள்ல கம்பெனி சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில பறவைகளைச் சுட வந்தாங்க. அந்த ஊர்க்காரங்களுக்குப் பறவைன்னா எரு. எச்சம் விழுந்த ஏரித்தண்ணி பாய்ஞ்சா வயலுக்குத் தனி உரம் வேண்டாம். வெடிச்சத்தம் கேட்டா பறவை கூட்டை விட்டுப் போயிடும், அடுத்த வருஷம் வராது. ஊர் கூடி கலெக்டர் லயனல் ப்ளேஸ்கிட்டப் போய், இங்க யாரும் சுடக்கூடாதுன்னு ஒரு கவுல் எழுதி வாங்கிட்டாங்க. 1858ல அந்த உரிமையை மறுபடி உறுதி பண்ணிக்கிட்டாங்க. துப்பாக்கி வெச்சிருக்கிற கம்பெனிக்கிட்ட, துப்பாக்கி இல்லாத ஊர் எழுதி வாங்கின தாள். சிப்பாய் சுட்டான்னு ஊருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கேட்டுச்சு, அவ்வளவுதான்.

அதே கேள்வியை இப்போ மரக்காணத்துல வைங்க. உப்பளத்துக்குத் தெற்க, மேற்க கழுவெளி. மழைத்தண்ணியும் கடல்தண்ணியும் கலந்து நிக்கிற பெரிய சதுப்பு, உப்புக்கல்லி கால்வாய் வழியா கழிமுகத்துக்கும் கடலுக்கும் தொடர்பு. குளிர்காலத்துல ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன்னு எங்கேயோ வடக்கேயிருந்து கிளம்பி வந்து இறங்கும், பூநாரையும் வரும். 2021 டிசம்பர்ல 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024 ஆகஸ்ட்ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. அறிவிப்பு வந்துட்டா வேட்டை நின்னுடாது. நாட்டுத் துப்பாக்கி, வலைன்னு செய்தியில அப்பப்ப வந்துக்கிட்டுதான் இருக்கு.

அத்தனை ஹெக்டேருக்கு எத்தனை காவலர்கள் இருந்தாலும் பத்தாது. ராத்திரி, சேறு, இடுப்பளவு தண்ணி, கோரைப்புல். அங்க ஒரு காவலர்கிட்ட இருக்கிற கருவி டார்ச்சும் காதும்தான். ஒரு வேட்டு கேட்டா எந்தத் திசைன்னு தெரியும், வண்டியைத் திருப்பலாம். மேல ஞாபகத்துல வெச்சுக்கச் சொன்னேனே, சைலன்சர் சத்தத்தை அழிக்கறதை விட, எங்கேர்ந்து வந்துச்சுங்கிற தகவலை அழிக்கிறதுதான் அதிகம். ரைஃபிளுக்கே அப்படின்னா, ஒலியை விட மெதுவாப் போற குண்டுக்கு அந்த 'டப்'பும் கிடையாது.

அதனால என் நிலைப்பாடு கொஞ்சம் கோணலா இருக்கும். தடையைப் போட்டவங்களோட காரணம் எனக்குப் பிடிக்கலை. அது 1801லேர்ந்து வர்ற சந்தேகம், உன்னை நம்பலைங்கிற சட்டம். ஆனா கழுவெளியில அந்தத் தடை இருக்கட்டும். தோட்டா செலவாகிற இடத்துல சுத்தி இருக்கிறவங்களுக்கு அது தெரியணும், தெரிஞ்சுக்கிற உரிமை பறவைக்கும் உண்டு. அதே நேரம் சுவர் கட்டின, பதிவு வெச்சிருக்கிற ரைஃபிள் ரேஞ்சுல, தினம் நூறு தோட்டா சுட்டுப் பயிற்சி எடுக்கிற போலீஸ்காரர் காதுக்கும் என்.சி.சி. பொண்ணு காதுக்கும் இந்தச் சட்டம் என்ன பதில் வெச்சிருக்கு? அங்க சைலன்சரை ரேஞ்சோட சொத்தா, வாசல்லயே பூட்டி வெச்சு உபயோகிக்க விட்டா என்ன குறைஞ்சுடும்? கமென்ட்ல சண்டைக்கு வாங்க, நான் ரெடி.

சுடற ஆசை இருக்கு, இந்தியாவுல இருக்கீங்கன்னா ஏர் ரைஃபிளுக்குப் போங்க. 4.5 மில்லிமீட்டர் குழலுக்குள்ள, 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசன்ஸ் வேண்டாம். உதையும் கிடையாது, காதும் பிழைக்கும். இதே கடற்கரையில கொஞ்சம் தெற்க, கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரைக்கும் போனது அந்த ஆயுதத்தோடதான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி கொள்ளுக்குடிப்பட்டி. சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டின ஊர். பல வருஷமா அங்க தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிறது இல்லை, கண்மாய்ல இருக்கிற பறவை பயந்துடும்னு. பசங்களுக்கு இனிப்பு உண்டு, வெடி இல்லை. அதுக்கு லைசன்ஸ் கிடையாது, அட்டவணை கிடையாது, முதல் வகை ரெண்டாம் வகை கிடையாது. ஈ.சி.ஆர். புல்லட்காரங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மரக்காணம் பாலம் தாண்டும்போது மட்டும் அந்தக் கம்பெனி சைலன்சரை மாட்டிக்கங்களேன்.

அடுத்த எபிசோட்ல அதே ரோட்டுல கொஞ்சம் வடக்க போறோம்: கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டை, நவாப் கட்டி, பிரெஞ்சுக்காரன் கைக்குப் போய், 1760ல ஆங்கிலேயன் இடிச்ச கதை. அங்கே இருந்த நாணயச் சாலையைப் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன கதை ஏதாவது இருந்தா அனுப்புங்க.